படத்திலும் உண்டு கைப்பக்குவம்!

ஒரே கடையில் வாங்கிய துவரம்பருப்பு, ஒரே புளி, ஒரே பெருங்காயம். ஆனாலும் உங்கள் வீட்டுச் சாம்பாருக்கும் எதிர்வீட்டுச் சாம்பாருக்கும் மணம் வேறுதானே? ஒரு வாய் சாப்பிட்டதுமே, "இது எங்க அம்மா வச்சது" என்று பிள்ளைகள் சொல்லிவிடுகிறார்கள். கோலமும் அப்படித்தான். புள்ளி ஒன்றுதான், இழுக்கிற கைதான் வேறு. இதைத்தான் கைப்பக்குவம் என்கிறோம்.

படம் பிடிப்பதிலும் இந்தக் கைப்பக்குவம் உண்டு, சகோதரிகளே! அதிலும் வீட்டு நாயைப் படம் பிடிப்பதில் நிறையவே உண்டு. "நாயைப் போட்டோ எடுக்கக்கூட ஒரு கட்டுரையா?" என்று சிரிக்காதீர்கள். இன்று வீட்டுக்கு வீடு செல்போன் இருக்கிறது. வீட்டில் நாயும் இருந்தால், போனில் அதன் படம் நூறாவது இருக்கும். எடுத்துப் பாருங்கள். எல்லாம் அண்ணன் தம்பி மாதிரி ஒரே ஜாடை! நாம் நின்றுகொண்டு மேலேயிருந்து எடுத்திருப்போம். நாய் அண்ணாந்து பார்க்கும். தலை பூசணிக்காய் மாதிரி, உடம்பு புடலங்காய் மாதிரி. அந்தப் படத்தை நீங்கள் எடுத்தாலும் ஒன்றுதான், வாசலுக்கு வந்த பால்காரர் எடுத்தாலும் ஒன்றுதான்.

அப்படியில்லாமல், பெயர் போடாவிட்டாலும் "இது அவங்க எடுத்த படம்" என்று பார்க்கிறவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு வழி இருக்கிறது. காசு செலவில்லாத வழி!

நான் அப்படியொன்றும் படித்துக் கிழித்தவள் இல்லை. பிளஸ் டூவோடு சரி. என்னிடம் இருப்பது, என் மகன் புதுசு வாங்கிக்கொண்டு என் பக்கம் தள்ளிவிட்ட பழைய போன். எங்கள் மணியும் சீமை ஜாதி இல்லை. தெருவில் பிறந்த செவலை நாட்டு நாய். ஒன்பது வருஷமாக அவனைப் படம் எடுத்துக்கொண்டு வருகிறேன். அதில் தெரிந்துகொண்டதைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

இரண்டு பேர், இரண்டு பக்குவம்

முதலில் இந்த வித்தையில் பெயர் வாங்கிய இரண்டு பேரைப் பற்றிச் சொல்கிறேன்.

ஒருவர் எலியட் எர்விட். 1928-ல் பாரிஸில் பிறந்து, அமெரிக்காவில் வாழ்ந்து, 2023-ல் தம்முடைய 95-வது வயதில் காலமானார். பெரிய பெரிய தலைவர்களையெல்லாம் படம் பிடித்தவர்தான். ஆனாலும் நாய்ப் படங்களுக்கென்றே தனியாகப் புத்தகங்கள் போட்டார். 1974-ல் நியூயார்க்கில் அவர் எடுத்த படம் ஒன்று மிகவும் பிரசித்தம். ஒரு ஓரத்தில் குல்லாயும் சட்டையும் போட்டுக்கொண்டு, சிவாவா என்கிற கையகல ஜாதிக் குட்டி நாய். அதன் பக்கத்தில் பூட்ஸ் போட்ட ஒரு பெண்மணியின் கால்கள். அதற்கும் அந்தப் பக்கம் இன்னும் இரண்டு கால்கள். உற்றுப் பார்த்தால்தான் தெரியும், அவை மனிதக் கால்களே இல்லை, ஒரு பிரம்மாண்டமான கிரேட் டேன் நாயின் முன்னங்கால்கள்! படத்தில் ஒரு மனித முகம்கூடக் கிடையாது. அந்தக் குட்டி நாயின் உலகம் எவ்வளவு உயரமோ, அவ்வளவு உயரத்தில்தான் படம் நிற்கிறது.

இதில் வேடிக்கை என்னவென்றால், அதற்கு 28 வருஷம் முன்னாலேயே, 1946-ல், அதே நியூயார்க்கில் ஒரு பெண்ணின் காலடியில் ஸ்வெட்டர் போட்ட குட்டி நாயை, அதே மாதிரி தரையோடு தரையாக இருந்து எடுத்திருக்கிறார். காலம் போனது, பார்வை போகவில்லை. நாய் நிமிர்ந்து பார்க்க வேண்டுமென்றால் தாமே நாய் மாதிரி குரைத்துக் காட்டுவாராம், பாருங்களேன்!

இன்னொருவர் வில்லியம் வெக்மன். 1943-ல் பிறந்த அமெரிக்க ஓவியர். 1970-ல் வைமரானர் என்கிற சாம்பல் நிற ஜாதியில் ஒரு நாய் அவர் வீட்டுக்கு வந்தது. 'மேன் ரே' என்று பெயர் வைத்தார். 1982-ல் அது இறக்கிறவரை அதே நாயைத்தான் திரும்பத் திரும்பப் படம் எடுத்தார். பிறகு ஃபே ரே என்று இன்னொன்று வந்தது. அதன் குட்டிகளும் படங்களில் வந்தன. 1979-லிருந்து போலராய்டு கம்பெனியின் பிரம்மாண்டமான காமிரா ஒன்றில் எடுத்தார். படமே 20 அங்குலத்துக்கு 24 அங்குலம். காமிராவின் எடை 100 கிலோவுக்கு மேல்! அதைத் தூக்கிக்கொண்டு தெருத் தெருவாக அலைய முடியுமா? ஆகவே நாயை அறைக்குள் ஸ்டூலில் உட்கார வைத்து, சட்டை மாட்டி, டோப்பா வைத்து, நிதானமாக எடுத்தார். அந்த நாய்களின் முகத்தைப் பார்த்தால் கல்யாண வீட்டுப் பெரியவர் மாதிரி அத்தனை கம்பீரம்.

ஒருவருக்குத் தெரு, இன்னொருவருக்கு அறை. ஒருவருக்கு ஊரில் இருக்கிற நாயெல்லாம்; இன்னொருவருக்கு வீட்டு நாய் மட்டும். இருவர் படத்தையும் கலந்து போட்டாலும் எது யாருடையது என்று சின்னப் பிள்ளை பிரித்துவிடும். இந்தப் பக்குவம் அவர்களுக்குக் காமிராவிலிருந்து வரவில்லை. அவரவர் எங்கே நின்றார்கள், எதைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள் என்பதிலிருந்து வந்தது.

நமக்கு என்ன இருக்கிறது? ஒரு வீடு, ஒரு நாய், பத்துப் பன்னிரண்டு வருஷம். "வீட்டை விட்டு எங்கே நகர முடியுது?" என்று சலித்துக்கொள்கிறோமே, இந்த வித்தைக்கு அதுதான் மூலதனம்!

முதலில் உட்காருங்கள்

நாட்டு நாயின் கண் தரையிலிருந்து ஒன்றரை அடி, மிஞ்சினால் இரண்டடி உயரத்தில் இருக்கும். நம் கண் ஐந்தடியில் இருக்கிறது. அந்த வித்தியாசத்தைப் போக்கினாலே பாதிப் படம் ஜெயித்த மாதிரிதான். மணை போட்டு உட்காருங்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் வாசற்படியில் உட்கார்ந்து, நாயைக் கீழ்ப்படியில் விடுங்கள். இன்னொரு சுலபமான வழி, போனைத் தலைகீழாகத் திருப்பிப் பிடிப்பது. லென்ஸ் தரைக்குப் பக்கத்தில் வந்துவிடும். நாம் அவ்வளவாகக் குனிய வேண்டாம்.

அந்தக் காலத்தில் எங்கள் சித்தப்பா ஸ்டூடியோவில் இரட்டை லென்ஸ் யாஷிகா காமிரா வைத்திருந்தார். அதை வயிற்றுக்கு நேரே பிடித்துக்கொண்டு, மேலேயிருந்து குனிந்து பார்ப்பார். ஒரு சுருளுக்கு 12 படம்தான். "ஒண்ணு எடுக்கிறதுக்கு முன்னாடி ஒம்பது தடவை பாரு" என்பார். போனில் ஆயிரம் எடுக்கலாம் என்கிற இந்த நாளில் அந்தப் பேச்சு பழசாகத் தோன்றும். ஆனால் பக்குவம் வருவது அந்த ஒன்பது தடவை பார்ப்பதில்தான்.

ஃப்ளாஷ் வேண்டவே வேண்டாம்

நாயின் கண்ணுக்குள், பின்பக்கத்தில், வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கிற ஒரு படலம் இருக்கிறது. இருட்டிலும் கொஞ்சம் நன்றாகப் பார்க்க இயற்கை கொடுத்த வசதி அது. ஃப்ளாஷ் போட்டால் அந்தப் படலம் பட்டென்று மின்னி, கண் பச்சையாக, பேய் மாதிரி விழுந்துவிடும். நாயும் மிரளும். அடுத்த தடவை போனை எடுத்தாலே கட்டிலுக்கு அடியில் ஓடும்.

காலையில் ஏழெட்டு மணிக்குள், சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் எடுங்கள். உச்சி வெயிலில் எடுக்க வேண்டியிருந்தால் தாழ்வார நிழலுக்கு வந்துவிடுங்கள். பக்கவாட்டில் விழுகிற வெளிச்சத்தில் முடி ஒவ்வொன்றும் எழும்பித் தெரியும். படம் தெளிவாக விழ, திரையில் நாயின் கண்மேல் விரலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு எடுங்கள்.

நாயின் நிறத்தையும் கவனிக்க வேண்டும். ராஜபாளையம் எங்களுக்குப் பக்கத்து ஊர். அந்த ஊர் வெள்ளை நாய்க்கு, அதன் ரோஸ் நிற மூக்குக்கு, இந்தியத் தபால் இலாகா 2005-ல் ஸ்டாம்பே வெளியிட்டிருக்கிறது. அப்படிப்பட்ட வெள்ளை நாயை எடுத்தால் போன் அதைச் சாம்பல் பூசின மாதிரி மங்கலாக்கிவிடும். கறுப்பு நாயை எடுத்தாலோ வெளுத்துப்போன பாவாடை மாதிரி ஆக்கிவிடும். எதைக் காட்டினாலும் நடுத்தரமாக்கிவிட வேண்டும் என்பது காமிராவின் சுபாவம். திரையில் தட்டியதும் பல போன்களில் சூரியன் மாதிரி ஒரு சின்ன அடையாளம் வரும். வெள்ளை நாய்க்கு அதைக் கொஞ்சம் மேலே தள்ளுங்கள். கறுப்பு நாய்க்குக் கீழே இழுங்கள். நிறம் நிறமாகவே விழும்.

அதற்கும் மனசு உண்டு

குழந்தையைப் பழக்குகிற நமக்கு இது சொல்லிப் புரிய வேண்டியதில்லை. நாய் அடிக்கடி கொட்டாவி விடுகிறதா? உதட்டை நக்கிக்கொள்கிறதா? முகத்தைத் திருப்பிக்கொண்டு ஓரக்கண்ணால், வெள்ளை விழி தெரியப் பார்க்கிறதா? வாலை இடுக்கிக்கொள்கிறதா? "போதும், விட்டுடு" என்று அது கெஞ்சுகிறது. போனைக் கீழே வைத்துவிடுங்கள். காது நிமிர வேண்டுமென்றால், பாத்திர மூடியை லேசாக ஒரு தட்டு. ஒரு தடவை, இரண்டு தடவைதான் பலிக்கும். அப்புறம் அது நம்மை லட்சியம் செய்யாது!

கைக்குழந்தை, சின்னப் பிள்ளை உள்ள தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. "பாப்பா, நாயைக் கட்டிக்கோ, போட்டோ எடுக்கிறேன்" என்று ஒருநாளும் சொல்லாதீர்கள். கழுத்தைக் கட்டிப்பிடிப்பது நமக்குப் பிரியம். பல நாய்களுக்கு அது மூச்சு முட்டுகிற சங்கடம். முகத்துக்கு நேரே முகம் இருக்கும்போது ஒரு கடி விழுந்தால் என்ன ஆவது? தின்கிற நாய், தூங்குகிற நாய், குட்டி போட்ட நாய் பக்கத்தில் குழந்தையை விடவே கூடாது. எவ்வளவு சாதுவான நாயாக இருந்தாலும் குழந்தையையும் நாயையும் தனியே விட்டுவிட்டு அடுக்களைக்குள் போகாதீர்கள். தப்பித்தவறிப் பல்லோ நகமோ பட்டுவிட்டால், ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவிவிட்டு, உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு என்று காயத்தில் எதையும் அப்பாதீர்கள். உங்கள் நாய்க்கும் வருஷா வருஷம் வெறிநாய்த் தடுப்பூசி தவறக்கூடாது.

உங்கள் பக்குவம் எது?

இதுவரை சொன்னது அடுப்பு மூட்டுகிற வேலை. இனிமேல்தான் சமையல்!

ஒரு மாசம், ஒரே நாய், ஒரே இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தினம் இரண்டு மூன்று படம் போதும். துவைக்கிற கல் பக்கமோ, மாடிப்படியோ, எந்த இடமானாலும் சரி. அடுத்தவர் படம் பிடித்துப்போனால் அதேமாதிரி எடுத்துப் பாருங்கள், தப்பே இல்லை. அம்மா போட்ட கோலத்தைப் பார்த்துத்தானே நாமும் கோலம் போடக் கற்றுக்கொண்டோம்? மாசக் கடைசியில் எல்லாவற்றையும் பார்த்து, உங்கள் மனசுக்குப் பிடித்த பத்தைப் பொறுக்குங்கள். நாலு பேர் "சூப்பர்" என்றார்களே, அதை அல்ல, உங்களுக்குப் பிடித்ததை. அந்தப் பத்தையும் கடையில் கொடுத்து அச்சுப் போட்டு வாங்கி, தரையில் பரப்பி வையுங்கள்.

இப்போது பாருங்கள். எது திரும்பத் திரும்ப வருகிறது? சிலருக்கு நாயின் முதுகுப்பக்கம்தான் பிடிக்கும். சிலருக்குப் பாதம், சிலருக்கு ஓட்டம், சிலருக்குத் தூக்கம். சிலர் படத்தில் நாய் ஒரு மூலையில் துளியூண்டு இருக்கும். மீதியெல்லாம் வெறும் சுவர். நீங்கள் நினைக்காமலேயே திரும்பத் திரும்ப வந்திருக்கிறதே, அதுதான் உங்கள் பக்குவம். அது வெளியிலிருந்து வருவதில்லை. முன்பே உங்களிடம் இருக்கிறது. நாம்தான் கண்டுகொள்ள வேண்டும்.

எனக்கு வந்தது வாசற்படி. மணி படியில் தலையை வைத்துக்கொண்டு யாருக்காகவோ காத்திருப்பான். காலையில் பேப்பர், மத்தியானம் தபால், சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள். பத்துப் படத்தில் ஏழு அப்படித்தான் இருந்தது. அவன் காத்திருப்பதை நான் ஏன் இவ்வளவு பார்த்திருக்கிறேன் என்று யோசித்தேன். சாயங்காலமானால் அதே வாசலைப் பார்த்துக்கொண்டு நானும்தானே காத்திருக்கிறேன்!

தள்ளத் தெரிய வேண்டும்

பக்குவம் தெரிந்துவிட்டால் அடுத்த வேலை, சேர்ப்பது இல்லை, தள்ளுவது. மூன்றே விதிகள் வைத்துக்கொள்ளுங்கள். என்னுடைய விதிகள் இவை: வாசலை விட்டு நகர்வதில்லை; மணியின் கண் உயரத்துக்கு மேலே போவதில்லை; அவனைக் கூப்பிடுவதில்லை. அவ்வளவுதான்.

என் மகனுக்கு இது பிடிக்காது. "அம்மா, பின்னாடி ஒரே சாமானா கெடக்கு. பேக்ரவுண்டை மங்கலாக்கிட்டா நாய் பளிச்சுனு தெரியும்" என்பான். போனில் அந்த வசதி இருக்கிறது, அழகாகவும் இருக்கும். "வேண்டாம்டா" என்றுவிட்டேன். பாதி அழிந்த கோலம், ஓரத்தில் கழற்றிப் போட்ட செருப்புகள், சாத்தி வைத்த விளக்குமாறு, இவற்றுக்கு நடுவில்தான் மணி வாழ்கிறான். அதைத் துடைத்துவிட்டால் அது யார் வீட்டு நாயோ ஆகிவிடும். உங்களுக்கு வேறுமாதிரி தோன்றலாம். வெறும் சுவர்தான் அழகு என்றால், தாராளமாக எல்லாச் சாமானையும் தள்ளிவிட்டு எடுங்கள். எதை வைப்பது, எதைத் தள்ளுவது என்று நீங்களே தீர்மானிக்க வேண்டும்; அவ்வளவுதான்.

போன பொங்கலுக்கு என் நாத்தனார் வந்திருந்தாள். குடும்பத்தில் எல்லோரும் அனுப்பிய படங்களைப் பார்த்துக்கொண்டே வந்தவள், ஒன்றில் நிறுத்தி, "மதினி, இது நீங்க எடுத்ததுதானே?" என்றாள். "எப்படித் தெரியும்?" என்றேன். "இந்த வீட்ல வேற யாரு தரையில உக்காந்து பாப்பாங்க?" என்றாளே பார்க்கலாம்! பட்டுப்புடவை கிடைத்தால்கூட எனக்கு அந்தச் சந்தோஷம் வந்திருக்காது.

காலத்தைப் பிடித்து வைக்க

நாய்க்கு ஆயுசு நம்மைப்போல் இல்லை. பத்து, பன்னிரண்டு, மிஞ்சினால் பதினாலு வருஷம். மணிக்கு இப்போது பதினொன்று. மூக்கைச் சுற்றி நரைத்துவிட்டது. வரிசையாக அடுக்கிய படங்களில், அதே படியில், அந்த நரை ஒவ்வொரு வருஷமாக ஏறி வருவது தெரிகிறது. இடம் மாறாமல் எடுத்ததால்தான் காலம் மாறியது கண்ணுக்குத் தெரிகிறது.

இன்னொன்றும் அதில் இருக்கிறது. என் மாமியாருக்குப் போட்டோ என்றாலே ஆகாது. "என்னை எடுக்காதே, நாயை எடு" என்று முந்தானையை முகத்தில் போட்டுக்கொள்வார். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். மணி அவர் காலடியில் கிடப்பான். நான் தரையில் உட்கார்ந்து எடுப்பதால், படத்தில் அத்தையின் முகம் இருக்காது. பித்தவெடிப்பு விழுந்த அந்தப் பாதங்கள் இருக்கும். ஒரு படத்தில், பிஸ்கட்டை நழுவவிடுகிற கையும் வளையலும் இருக்கும். "டாக்டர் குடுக்கக் கூடாதுன்னாரே அத்தை" என்றால், "நான் எங்கடி குடுத்தேன், அதுவா விழுந்துச்சு" என்பார்.

அத்தை போய் இரண்டு வருஷம் ஆகிறது. காரியத்துக்கு மாலை போட்டு வைக்க, ரேஷன் கார்டுக்கு எடுத்த படத்தைத்தான் பெரிசாக்கினோம். அதில் யாரோ ஒரு பாட்டி முறைத்துப் பார்க்கிறார். எங்கள் அத்தை அதில் இல்லை. மணியின் படங்களில்தான் இருக்கிறார். இவர், என் வீட்டுக்காரர், எப்போதாவது அந்த ஆல்பத்தை எடுத்து வைத்துக்கொண்டு, ஒன்றும் பேசாமல் புரட்டிக்கொண்டிருப்பார். நான் ஏன் என்று கேட்பதில்லை.

ஆகவே, போனிலேயே வைத்திருக்காதீர்கள். போன் கெட்டுப்போனால் படமும் அதோடு போய்விடும். வருஷத்துக்குப் பத்துப் படமாவது அச்சுப் போட்டு, பின்பக்கம் தேதியையும் ஒரு வரியையும் எழுதி ஆல்பத்தில் ஒட்டுங்கள். "மழை நாள். பால் வரவில்லை. மணி மட்டும் காத்திருந்தான்" என்கிற மாதிரி ஒரு வரி போதும். அடுக்களைக் கணக்கு நோட்டு எழுதுகிற கைக்கு இது பெரிய காரியமா?

நாள் முழுக்க மற்றவர்களுக்காகவே பார்க்கிறோம். பால் பொங்குகிறதா, பிள்ளைக்குக் காய்ச்சல் இருக்கிறதா, இஸ்திரி போட்ட சட்டை இருக்கிறதா என்று. நமக்காக, நமக்குப் பிடித்ததைக் கால் மணி நேரம் பார்த்தால் குற்றமில்லை. இன்று சாயங்காலம் காபி ஆனதும் ஒரு மணையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வாருங்கள். நாய் எங்கே படுத்திருக்கிறதோ அங்கே, அதன் உயரத்துக்கு உட்காருங்கள். கூப்பிடாதீர்கள். அது எதைப் பார்க்கிறதோ, அதை நீங்களும் கொஞ்ச நேரம் பாருங்கள். பிறகு எடுங்கள், ஒரே ஒரு படம்!